டைமிங் செயின்: காலையில் கேட்கும் அந்த மூன்று செக்கன் சத்தம்

"அண்ணை, காலமை ஸ்டார்ட் பண்ணேக்க முன்பக்கம் கட கட எண்டு ஒரு சத்தம். ரெண்டு மூண்டு செக்கனில நிண்டிடும். பிறகு ஒண்டும் இல்லை. விடலாம்தானே?"

திருகோணமலையில் அநுராதபுரச் சந்தியிலோ உவர்மலையிலோ, எந்தக் கராஜிலும் கேட்கக்கூடிய கேள்வி இது. விடக்கூடாது. அந்த மூன்று செக்கனில் என்ன நடக்கிறது என்பது விளங்கினால், டைமிங் செயின் என்றால் என்ன, அதை ஏன் மாற்றுகிறோம், மாற்றும்போது எங்கே பிழை வருகிறது எல்லாமே விளங்கிவிடும்.

என்ஜினின் கீழே இருப்பது கிராங்க் தண்டு. பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றுவது அதுதான். மேலே, சிலிண்டர்களை மூடும் ஹெட்டில் இருப்பது கேம் தண்டு. வால்வுகளைத் திறந்து மூடுவது அது. நான்கு வீச்சு என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதனால் கிராங்கின் பல்லுச் சக்கரத்தில் 20 பல் இருந்தால் கேமின் சக்கரத்தில் 40 பல் இருக்கும். இவை இரண்டையும் கட்டி வைத்திருப்பதே டைமிங் செயின். கிராங்க் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றினால் ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பல என்ஜின்களில் வால்வு திறந்து கீழே வரும் இடமும் பிஸ்டன் ஏறி வரும் இடமும் ஒன்றே; வருகிற நேரம்தான் வேறு. அந்த நேரத்தைக் காப்பது செயின். அது அறுந்தாலோ சில பற்கள் தாண்டினாலோ வால்வும் பிஸ்டனும் முட்டும். வால்வு வளையும், சில வேளை பிஸ்டனே உடையும்.

செயின் "இழுபடுகிறது" என்று எல்லோரும் சொல்கிறோம். இரும்புத் தகடு ரப்பர் போல நீள்வதில்லை. தகடுகளைக் கோர்க்கும் ஊசிகளும் அவற்றைச் சுற்றியுள்ள புஷ்களும் தேய்கின்றன. 150 கண்ணிகள் உள்ள ஒரு செயினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் தேய்வு வெறும் 0.02 மில்லிமீற்றர் என்றாலும் முழுச் செயினும் 3 மில்லிமீற்றர் நீண்டுவிடும். கிராங்கில் இருந்து கேம் வரை இழுபட்டு நிற்கும் பக்கத்தில் 40 கண்ணிகள் இருந்தால் அங்கே மட்டும் 0.8 மில்லிமீற்றர். 8 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள 40 பல்லுச் சக்கரத்தில் இது கேமைக் கிட்டத்தட்ட 0.9 பாகை பிந்த வைக்கும். கிராங்கின் கணக்கில் ஏறத்தாழ 1.8 பாகை. ஒரு பல் தாண்டினால் கிராங்கில் 18 பாகை. தேய்வு மெல்ல மெல்லத் தின்னும். பல் தாண்டுவது ஒரே அடி.

தேய்வதற்கு ஒயில்தான் முதற்காரணம். இங்கிருந்து கந்தளாய்க்குப் போகும் சுமார் 40 கிலோமீற்றரை 40 நிமிடத்தில், 2,000 சுற்றில் ஓட்டினால் ஒவ்வொரு கண்ணியும் கிராங்க் சக்கரத்தைப் பத்தாயிரம் தடவைக்கு மேல் வளைந்து சுற்றிவருகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஊசியும் புஷ்ஷும் உரசுகின்றன. நடுவில் மெல்லிய ஒயில் படலம் இருக்கும் வரை தேய்வு மிகக் குறைவு. டீசல் என்ஜினில் புகைக்கரி ஒயிலில் கலந்து அரத்தூள் போல உரசும். பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் என்ஜின்களில் எரியாத பெற்றோல் ஒயிலில் கலந்து அதைத் தண்ணியாக்கும். ஒயில் மட்டம் குறைந்த என்ஜினில் இவை எல்லாம் இன்னும் வேகமாக நடக்கும்.

எங்கள் ஊரில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிலாவெளிக் கரையில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் நிற்கும் வாகனத்தின் மீற்றரில் ஒரு கிலோமீற்றர்கூட ஏறாது. என்ஜின் மட்டும் ஒரு மணித்தியாலம் ஓடியிருக்கும். பட்டணத்துக்குள் பள்ளிக்கூடம், சந்தை என்று ஓடும் ஜீப்பும் அப்படித்தான். மீற்றரை மட்டும் பார்த்து ஒயில் மாற்றினால் செயின்தான் விலை கொடுக்கும். 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது என்பது எங்கள் வெக்கைக்கும் ஓட்டத்துக்கும் ஏற்ற கணக்கு. தடிப்பையும் கைநூல் சொல்கிறபடியே போடுங்கள். 5டபிள்யூ-30 கேட்கும் என்ஜினுக்கு "இங்க வெயில்தானே" என்று 20டபிள்யூ-50 ஊற்றினால், ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில் ஒயில், செயினை விறைப்பாக வைத்திருக்கும் டென்ஷனருக்குப் பிந்தித்தான் போய்ச் சேரும்.

இனி அந்த மூன்று செக்கன். செயினின் தளர்ந்த பக்கத்தை ஒரு வளைந்த கைட் அழுத்திக்கொண்டிருக்கும். அந்தக் கைட்டைத் தள்ளுவது டென்ஷனர். பெரும்பாலான என்ஜின்களில் அது ஒயில் அழுத்தத்தால் வேலை செய்யும் ஒரு சிறு பிஸ்டன். உள்ளே ஸ்பிரிங்கும், பின்னால் போகாமல் பிடிக்கும் பற்களும் இருக்கும். செயின் தேயத் தேய டென்ஷனர் வெளியே வந்து தளர்வை எடுத்துக்கொள்ளும். அதனால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்களுக்கு உங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்காது. தேய்வை அது மறைத்துக்கொண்டே இருக்கிறது. அது தன் எல்லைக்கு வந்த பிறகோ, உள்ளே உள்ள வால்வு கசிந்து இரவில் ஒயில் வடிந்த பிறகோதான் காலையில் சத்தம் வருகிறது. ஒயில் அழுத்தம் எழும்பியதும் நின்றுவிடும். சத்தம் கேட்கத் தொடங்கும் நேரத்தில் தேய்வு பழைய கதை.

எல்லா ஜீப்பிலும் செயின் இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. பிராடோவின் 1கே.இசட்., 1கே.டி. டீசல் என்ஜின்களில் பெல்ட். பிறகு வந்த 1ஜி.டி. என்ஜினில் செயின். மொன்டேரோவின் 4எம்40, 4எம்41 டீசல்களில் செயின், அதே மொன்டேரோவின் 6ஜி72 பெற்றோல் என்ஜினில் பெல்ட். முதல் தலைமுறை சி.ஆர்.வி.யில் பெல்ட், அதன் பின் வந்த கே வரிசை என்ஜினில் செயின். கிராண்ட் விட்டாராவின் ஜே20ஏ என்ஜினில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு செயின்களும் இரண்டு டென்ஷனர்களும் உண்டு. பெல்ட்டுக்குக் கைநூலில் கிலோமீற்றர் எழுதியிருக்கும். செயினுக்கு அநேகமாக எழுதியிருக்காது. அதை "ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை" என்று வாசிக்க வேண்டாம். ஜப்பானில் ஓடி இங்கே வந்த வாகனத்தின் மீற்றரை நம்பியும் முடிவெடுக்க வேண்டாம். சத்தமும் ஸ்கேனரும் ஒயிலும் சொல்வதை நம்புங்கள்.

கழற்றுமுன் உறுதிப்படுத்துங்கள். முன்பக்கச் சத்தம் எல்லாம் செயின் அல்ல. வெளியே ஓடும் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓட விடுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி ஆல்டர்னேட்டர், வெளி டென்ஷனர், தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றில் ஒன்று. கேமின் முனையில் இருந்து வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வி.வி.டி. கியரும் ஒயில் வடிந்தால் ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு செக்கன் கடகடக்கும். சில டொயோட்டா என்ஜின்களில் இது தெரிந்த குறை, செயின் நல்லாகவே இருக்கும். ஸ்கேனரில் பீ0016, பீ0017 என்ற பிழைக் கோட்கள் வந்தால் கிராங்கும் கேமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஹொண்டா கே வரிசையில் பீ0341 அடிக்கடி இழுபட்ட செயினைக் காட்டும். ஆனால் ஒயில் கண்ட்ரோல் வால்வு அடைத்தாலும் சென்சர் வயர் உப்புக் காற்றில் பச்சை பிடித்தாலும் இதே மாதிரிக் கோட் வரும். ஆகவே கோட் ஒன்றை மட்டும் வைத்து என்ஜினைத் திறக்காதீர்கள். பழைய ஒயில் பில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கறுப்பு அல்லது மண்ணிறப் பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தால் கைட் உடைகிறது. ஹெட்டின் மேல்மூடியான டெப்பட் கவரைக் கழற்றினால் மேல் கைட்டில் செயின் பதிந்த பள்ளம் தெரியும். பள்ளம் ஆழமாகி உலோகம் எட்டிப் பார்த்தால் வேறு சாட்சி வேண்டாம்.

என்ஜின் ஓடும்போதே பல் தாண்டி நின்றுவிட்டதென்றால், செயின் செட் வாங்குவதற்கு முன் ஹெட்டின் நிலையைப் பாருங்கள். டைமிங்கைச் சரிசெய்து, பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று ஏற்றிக் கசிவு பார்க்கலாம். வால்வு வளைந்திருந்தால் புதுச் செயின் பூட்டிப் பயன் இல்லை.

பொருட்கள். ஒரு வார்த்தையில் சொன்னால்: முழு செட். செயின், டென்ஷனர், அசையும் கைட், அசையாத கைட்கள், கிராங்க் பல்லுச் சக்கரம், கேம் சக்கரங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் பல்லின் தேய்வு செயினைத் தின்னும். வி.வி.டி. கியர் விலை கூடியது. அதைப் பற்களைப் பார்த்து, பூட்டு ஊசி சரியாகப் பிடிக்கிறதா என்று கையால் திருப்பிப் பார்த்து முடிவு செய்யலாம். ஒயில் பம்புக்குத் தனிச் செயின் உள்ள என்ஜினில் அதையும் மாற்றுங்கள். கூடவே முன் கிராங்க் ஒயில் சீல், டெப்பட் கவர் கேஸ்கட், முன் கவருக்குள் வரும் சிறு ஓ-ரிங்குகள், சீலண்ட், ஒயில், பில்டர், கூலண்ட். கிராங்க் போல்ட்டைப் பாகை கணக்கில் இறுக்கச் சொல்லியிருந்தால் அதுவும் புதிதாக இருப்பதே பாதுகாப்பு.

இவற்றில் பெரும்பகுதி கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் வரவேண்டியிருக்கும். அதனால் என்ஜினைத் திறப்பதற்கு முன்னரே சேஸி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் அனுப்பி எடுப்பியுங்கள். "எக்ஸ்-டிரெயில் செயின் ஒண்டு" என்று கேட்டால் வேறு என்ஜினின் செயின் வந்து சேரும். வந்ததும் பழைய செயினோடு கண்ணிகளை எண்ணி ஒப்பிடுங்கள். பாவித்த டென்ஷனரை மட்டும் வாங்காதீர்கள். ரிகண்டிஷன் என்ஜின் ஏற்றப் போகிறீர்களா? அது நிலத்தில் கிடக்கும்போதே செயினை மாற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு செய்யும் வேலை பல மடங்கு.

வேலையைக் குறுக்கே பூட்டிய நான்கு சிலிண்டர் என்ஜினை வைத்துச் சொல்கிறோம். உங்கள் என்ஜினின் கைநூலில் உள்ள படமும் இறுக்க அளவும்தான் இறுதி வார்த்தை. முதல் நாள் மாலையே கிராங்க் போல்ட், மவுண்ட் போல்ட், சக்கரத்துக்குள் இருக்கும் மறைப்புத் தகட்டின் போல்ட்களுக்குத் துருக்கரைப்பான் அடித்து விடுங்கள். கடற்கரை வாகனங்களில் இவை உப்புப் பிடித்து இறுகியிருக்கும். மறுநாள் ஆறிய என்ஜினில் பற்றரியின் நெகட்டிவ் கழற்றி, ஒயிலும் கூலண்டும் வடித்து, வலது முன் சக்கரம், மறைப்புத் தகடு, ஃபேன் பெல்ட் எடுக்க வேண்டும். என்ஜினின் அடியில் ஒயில் தேங்கும் சம்ப்புக்குக் கீழே பலகைத் துண்டு வைத்து ஜாக்கால் என்ஜினைத் தாங்கிய பிறகே வலது மவுண்டைக் கழற்றலாம். பலகை இல்லாமல் ஜாக் கொடுத்தால் அலுமினியச் சம்ப் வெடிக்கும். கொயில்களையும் டெப்பட் கவரையும் எடுங்கள்.

இப்போது முதலாம் சிலிண்டரை டொப்புக்கு, அதாவது அதன் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு, கொண்டுவர வேண்டும். கிராங்க் போல்ட்டில் ஸ்பனர் வைத்து, என்ஜின் ஓடும் திசையிலேயே, வழக்கமாக வலஞ்சுழியாக, திருப்புங்கள். பின்பக்கம் திருப்பினால் தளர்ந்த செயின் அங்கேயே பல் தாண்டலாம். கிராங்க் அடையாளம் பொருந்தியதோடு நிற்காமல் கேம் அடையாளங்களையும் பாருங்கள். அவை எதிர்ப்பக்கம் இருந்தால் கிராங்கை இன்னொரு சுற்றுச் சுற்ற வேண்டும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.

மஸ்டா எல் வரிசை போன்ற சில என்ஜின்களில் கிராங்க் சக்கரத்துக்குச் சாவிப் பொருத்தே இல்லை. போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான் அதைப் பிடித்திருக்கும். அங்கே போல்ட்டைத் தளர்த்திய நொடியே டைமிங் போய்விடும், கிராங்கையும் கேமையும் அசையாமல் பூட்டும் ஊசிகளும் தகடும் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

கிராங்கின் முனையில் உள்ள புல்லியைப் பிடிகருவியால் பிடித்துத்தான் கிராங்க் போல்ட்டைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டிக் கழற்றும் பழக்கம் தளர்ந்த செயினுள்ள என்ஜினுக்கு ஆபத்து. முன் கவரின் போல்ட்கள் பல நீளத்தில் இருக்கும். ஒரு காட்போர்ட்டில் கவரின் வடிவத்தை வரைந்து, எடுத்த போல்ட்டை எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீண்ட போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டு இறுக்கினால் புளொக் வெடிக்கும். கவரை நெம்ப அதற்கென்று விட்ட இடங்கள் இருக்கும். வேறிடத்தில் ஸ்குரூடிரைவர் போட்டால் அந்தக் கீறல் வழியே ஒயில் ஒழுகும்.

டென்ஷனரை உள்ளே தள்ளி, துளையில் மெல்லிய ஊசி ஒன்றைப் போட்டுப் பூட்டிக் கழற்றுங்கள். பிறகு கைட்கள், செயின். செயின் இல்லாத நேரத்தில் கிராங்கையோ கேமையோ திருப்பக் கூடாது. கையால் மெல்லத் திருப்பினாலும் வால்வு வளையப் போதும். உடைந்த கைட்டின் துண்டுகள் ஏதும் காணாமற்போயிருந்தால் சம்ப்பைக் கழற்றி ஒயில் உறிஞ்சும் வலையைத் துப்புரவாக்காமல் மேலே போகாதீர்கள். புதுச் செயின் போட்டும் ஒயில் அழுத்தம் குறைந்து என்ஜின் பிடித்துக்கொள்வதற்கு இந்த அடைப்பு ஒரு முக்கிய காரணம்.

புதுச் செயினில் சில கண்ணிகள் நிறம் பூசியிருக்கும். அவை கிராங்க், கேம் சக்கரங்களில் உள்ள அடையாளங்களோடு பொருந்த வேண்டும். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் செயின் விறைப்பாக இருக்க வேண்டும்; தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வரட்டும். கைட்களுக்கும் செயினுக்கும் ஒயில் பூசி, டென்ஷனரைப் பூட்டி, ஊசியை இழுங்கள். அந்த ஊசியை மறந்து கவரைப் பூட்டியவர்களும் இருக்கிறார்கள்; எடுத்த ஊசியை மேசையில் கண் முன்னே வையுங்கள்.

இனிக் கையால் இரண்டு முழுச் சுற்று. இதைத் தவிர்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணவே கூடாது. எங்காவது கட்டியாகத் தடை வந்தால் அழுத்தாதீர்கள், அது வால்வு. இரண்டு சுற்று முடிந்ததும் சக்கரங்களின் அடையாளங்கள் திரும்பப் பொருந்தும். நிறக் கண்ணிகள் பொருந்தாது, இங்கேதான் புதியவர்கள் பதறி எல்லாவற்றையும் திரும்பக் கழற்றுகிறார்கள். கணக்கு எளிது. இரண்டு சுற்றில் 40 கண்ணிகள் நகர்கின்றன. செயினில் இருப்பது 150. 40, 150 இரண்டாலும் வகுபடும் முதல் எண் 600. ஆகவே கிராங்க் 30 சுற்றுச் சுற்றினால்தான் நிறக் கண்ணிகள் பழைய இடத்துக்கு வரும். சக்கரத்தின் அடையாளத்தை மட்டும் பாருங்கள்.

கவர் பூட்டும் வேலை சிறிதாகத் தெரியும், ஆனால் திரும்பிவரும் வாகனங்களில் பல இங்கே பிழை விட்டவைதான். பழைய சீலண்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுதாக எடுத்து, எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, 3 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்பில் அறுபடாத கோடாகப் போடுங்கள். சிலிக்கோன் சீலண்ட் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. கடலோர ஈரக்காற்றில் அது தோல் கட்டுவது சீக்கிரம். எனவே போல்ட்கள் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பிறகே குழாயைத் திறவுங்கள். தோல் கட்டிய சீலண்டில் கவரை வைத்தால் ஒட்டாது. கூடப் போட்டாலும் தொல்லை, பிதுங்கிய துண்டு அறுந்து ஒயில் வலையில் போய் அடைக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே வைத்துத் திறந்த என்ஜினில் வேலை செய்ய வேண்டாம். மணல் ஒரு சிட்டிகை போதும். இடையில் எழும்பினால் துப்புரவான துணியால் மூடுங்கள். கவருக்கும் புளொக்குக்கும் இடையில் வரும் ஓ-ரிங் ஒன்று விடுபட்டால் வி.வி.டி.க்கு அழுத்தம் கிடைக்காது, அதே கோட் திரும்ப வரும், பழி புதுச் செயினில் விழும்.

இறுக்குவதற்கு டோர்க் ரென்ச் வேண்டும். 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீற்றர் அளவு, 8 மில்லிமீற்றருக்கு 20 முதல் 25. கிராங்க் போல்ட்டின் அளவு என்ஜினுக்கு என்ஜின் பெரிதும் மாறும், அதை ஊகிக்கவே வேண்டாம்.

சீலண்ட் இறுகக் குழாயில் எழுதியுள்ள நேரம் விட்டு, ஒயிலும் கூலண்டும் நிரப்புங்கள். இன்ஜெக்டர் வயர்களைக் கழற்றிவிட்டு ஐந்து ஐந்து செக்கனாக ஸ்டார்ட்டரைச் சுற்றி ஒயில் லைற் அணையும் வரை பாருங்கள். அதன் பிறகு வயரைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணலாம். முதலில் இரண்டு மூன்று செக்கன் சத்தம் வரலாம், டென்ஷனருக்குள் காற்று இருக்கும். ஐந்து செக்கன் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். பழைய கோட்களை அழித்து, ஹொண்டா போன்றவற்றில் கிராங்கின் புது நிலையை ஸ்கேனரால் கம்பியூட்டருக்குப் படிப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல வேலைக்கும் என்ஜின் லைற் எரியும்.

ஒழுங்காகச் செய்தால் இது ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் வேலை. அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் சம்ப்பையும் சீலண்ட் இறுகும் நேரத்தையும் பற்றிக் கேளுங்கள். கையில் எடுத்தவுடன் ஹபரணைப் பக்கம் நீண்ட ஓட்டம் வேண்டாம்; கந்தளாய் தாண்டினால் இரவில் யானை கடக்கும் பாதை, அங்கே நின்று பொனட் திறக்க முடியாது. முதல் வாரம் பட்டணத்துக்குள்ளேயும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கமும் ஓட்டி, ஒவ்வொரு காலையும் ஒயில் மட்டமும் நிலத்தில் சொட்டும் பாருங்கள். 1,000 கிலோமீற்றரில் ஒயிலையும் பில்டரையும் மாற்றி, அந்தப் பில்டரையும் வெட்டிப் பாருங்கள். சிறு பிளாஸ்டிக் துகள் ஒன்றிரண்டு என்றால் பழைய கைட்டின் மிச்சம். பளபளக்கும் இரும்புத்தூள் என்றால் அன்றைக்கே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.